பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடாதீர்கள்! சிறு தொகையில் புது வேகம் பெறும் வழி

2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதி, மும்பையில் எத்தனையோ வீடுகளுக்கும் கடைகளுக்கும் ஒரு கவலையைக் கொண்டு வந்தது. அன்றுதான் விண்டோஸ்-10க்கு வழங்கி வந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் நிறுவனம் நிறுத்தியது.

தாராவி 90 அடி ரோட்டில் கணக்கு எழுதும் கடை, மாட்டுங்காவில் பிள்ளைகள் படிக்கும் வீடு, செம்பூரில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை... இப்படிப் பல இடங்களில் மேஜை மேல் இருப்பது ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கம்ப்யூட்டர்தான். "இனி இது உதவாது, புதுசு வாங்கிவிடுங்கள்" என்கிறார் கடைக்காரர். "மாதத் தவணையும் உண்டு" என்று ஆசை காட்டுகிறார்.

அவசரப்பட வேண்டாம்!

கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருக்கும் எல்லாப் பொருளும் ஒரே நாளில் கிழடாகிவிடுவது இல்லை. ஒன்று களைத்திருக்கும். மற்றவை நன்றாகவே இருக்கும். களைத்தது எது என்று கண்டுபிடித்து அதை மட்டும் மாற்றினால், புதிய கம்ப்யூட்டருக்கு ஆகும் செலவில் சிறு பங்கிலேயே இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம். எப்போது பழையதைக் கைவிட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

நோய் எங்கே?

வைத்தியம் பார்க்கும் முன் நாடி பிடித்துப் பார்க்க வேண்டும். அதற்கு மெக்கானிக் தேவை இல்லை.

கம்ப்யூட்டர் மந்தமாக ஓடும்போது கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய 3 பொத்தான்களையும் ஒன்றாக அழுத்துங்கள். "டாஸ்க் மேனேஜர்" திறக்கும். அதில் சி.பி.யு., மெமரி, டிஸ்க் என்று மூன்று கணக்குகள் இருக்கும்.

டிஸ்க் என்பது 100 சதவீதத்திலேயே நின்றால், குற்றவாளி பழைய ஹார்ட் டிஸ்க். மெமரி 90-ஐத் தாண்டி நின்றால், ரேம் போதவில்லை. சி.பி.யு. மட்டும் எப்போதும் 100-ஐத் தொட்டுக்கொண்டிருந்தால், பிராசசருக்கு வேலை அதிகம் அல்லது வைரஸ் புகுந்திருக்கிறது.

அடுத்து, பிராசசரின் வயதைப் பாருங்கள். இன்டெல் என்றால் பெயரிலேயே வயது இருக்கிறது. "ஐ5-4570" என்றால் முதல் எண் 4; அது 4-வது தலைமுறை. "ஐ5-8400" என்றால் 8-வது தலைமுறை. இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பெரிய முடிவு ஒன்றுக்கு இது வேண்டும்.

காசில்லாத வைத்தியம்

தகரக் கூரையின் கீழ், மாடிப் பலகை மேல் இருக்கும் கம்ப்யூட்டருக்கு மே மாதத்தில் என்ன ஆகும் என்று தாராவிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது இல்லை. வெப்பம் ஓர் அளவுக்கு மேல் போனால், தான் கருகிவிடாமல் இருப்பதற்காக பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். "வெயில் காலத்தில் மட்டும் மெதுவாகிறது" என்று பலர் சொல்வதற்கு இதுதான் காரணம்.

தையல் கடையில் பஞ்சுத் தூள், பட்டறையில் மரத்தூள், மற்ற இடங்களில் ரோட்டுப் புழுதி. மின்விசிறியிலும் அதன் கீழ் உள்ள உலோகத் தகடுகளிலும் இது கம்பளி போல் படிந்துவிடும். மின்சார ஒயரைப் பிடுங்கிவிட்டு, மென்மையான பிரஷ்ஷாலும் காற்றடிக்கும் புளோயராலும் சுத்தம் செய்யுங்கள். காற்றடிக்கும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். பிராசசருக்கும் தகட்டுக்கும் நடுவில் இருக்கும் பசை காய்ந்து போயிருந்தால், புதுப் பசை தடவ வேண்டும். செலவு மிகக் குறைவு.

கம்ப்யூட்டரைத் திறந்ததும் தானாக ஓடத் தொடங்கும் தேவையற்ற புரோகிராம்களையும் டாஸ்க் மேனேஜரிலேயே நிறுத்தலாம்.

இன்னொரு எச்சரிக்கை. பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். 2005-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை மும்பை மறக்கவில்லை. அந்த அளவு மழை வேண்டாம். கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் தேங்க சாதாரண மழையே போதும். பெட்டிக்கு அடியில் ஓர் உயரமான பலகை போட்டால், ஆயிரக்கணக்கான ரூபாய் தப்பும்.

முதல் செலவு எதற்கு?

ஹார்ட் டிஸ்க் உள்ள கம்ப்யூட்டராக இருந்தால், முதல் காசு எஸ்.எஸ்.டி.க்குத்தான் போக வேண்டும்.

ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கிறது. ஒரு முள் அங்கும் இங்கும் ஓடி, எழுதியதைத் தேடிப் படிக்கிறது. இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் விவரங்களை வினாடிக்கு ஏறத்தாழ 100 முறைதான் தேடி எடுக்க முடியும். எஸ்.எஸ்.டி.யில் தட்டும் இல்லை, முள்ளும் இல்லை. வினாடிக்குப் பல்லாயிரம் முறை எடுத்துத் தரும். விண்டோஸ் திறக்க நிமிடக்கணக்கில் காத்திருந்த அதே கம்ப்யூட்டர், இதை மாற்றியதும் அரை நிமிடத்துக்குள் தயாராகிவிடுவதைப் பார்க்கலாம்.

விண்டோசும் புரோகிராம்களும் வைக்க 256 ஜி.பி. போதும். பழைய ஹார்ட் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால், அதைக் கழற்ற வேண்டாம். போட்டோ, சினிமா போன்றவற்றுக்கு அது இருக்கட்டும்.

வாங்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். எஸ்.எஸ்.டி.யில் இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று 2.5 அங்குலப் பெட்டி போல் இருப்பது; சாட்டா ஒயரில் மாட்டுவது. அனேகமாக எல்லாப் பழைய மதர்போர்டுக்கும் இது பொருந்தும். மற்றொன்று சூயிங்கம் பட்டை போல் இருக்கும் எம்.2. இதற்கு மதர்போர்டில் தனி இடம் வேண்டும். அந்த இடத்திலும் சாட்டா ரகம், என்.வி.எம்.இ. ரகம் என்று வேறுபாடு உண்டு. மதர்போர்டின் பெயரைக் குறித்துக்கொண்டு போய்க் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது செலவு ரேம்

4 ஜி.பி. ரேமில் இன்றைய இணையதளங்கள் திணறும். எழுத்து வேலை, கணக்கு, ஆன்லைன் பாடம் ஆகியவற்றுக்கு 8 ஜி.பி. போதும். படங்களை வெட்டி ஒட்டும் டிசைன் வேலைக்கு 16 ஜி.பி. நல்லது.

டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என்று மூன்று வகை ரேம்கள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று மற்றொன்றின் இடத்தில் பொருந்தாது. வெட்டு இருக்கும் இடமே வேறு. பழைய ரேமைக் கழற்றிக் கையோடு கொண்டு போவது நல்லது. விண்டோஸ் 32 பிட் ரகமாக இருந்தால் 4 ஜி.பி.க்கு மேல் எவ்வளவு போட்டாலும் அதற்குப் பயன்படுத்தத் தெரியாது. அதை முதலில் 64 பிட்டாக மாற்ற வேண்டும்.

ரேம் விலை ஒரு தனிக் கதை. உலகில் உற்பத்தியாகும் ரேம் சில்லுகளில் மிகப் பெரும்பகுதி சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய 3 நிறுவனங்களின் கையில் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு நிலையங்களுக்கான விலை உயர்ந்த ரேம் தயாரிப்பில் இவை இறங்கின. வீட்டுக் கம்ப்யூட்டருக்கான ரேமுக்குத் தட்டுப்பாடு வந்தது. 2025 கடைசி மாதங்களில் விலை கிடுகிடுவென ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், பொதுமக்களுக்கு "குருஷியல்" என்ற பெயரில் விற்று வந்த வியாபாரத்தையே விட்டு விலகுவதாக அறிவித்தது.

ஆகவே, ரேம் வாங்கும் நாளில் நாலு கடை ஏறி இறங்கத்தான் வேண்டும். இதில் ஓர் ஆறுதல், ரேம் எளிதில் தேய்ந்து போகும் பொருள் அல்ல. சோதித்துப் பார்த்து வாங்கினால், பழைய ரேமிலும் மோசம் இல்லை.

வாடகை வீட்டுக்கு மார்பிள் போடலாமா?

வாடகைக்குக் குடியிருப்பவர் கட்டில் வாங்கினால், வீடு மாறும்போது அது கூடவே வரும். அதே வீட்டுக்குத் தன் செலவில் மார்பிள் தரை போட்டால், அது வீட்டுக்காரருக்குத்தான் மிச்சம்.

பழைய கம்ப்யூட்டரும் வாடகை வீடு போலத்தான். இன்னும் சில ஆண்டுகளில் அதைக் காலி செய்யப் போகிறீர்கள். கூட வரும் பொருளுக்குத் தாராளமாகச் செலவிடலாம். வராத பொருளுக்குக் கையைச் சுருக்க வேண்டும்.

கூட வருபவை: எஸ்.எஸ்.டி., மானிட்டர், கீபோர்டு, நல்ல எஸ்.எம்.பி.எஸ்., கேபினட்.

கூட வராதவை: டி.டி.ஆர்.3 ரேம், பழைய பிராசசர், பழைய மதர்போர்டு.

பிராசசரை மட்டும் மாற்றலாமே என்று சிலர் கேட்பார்கள். மதர்போர்டு எதை ஏற்கும் என்று பார்த்த பிறகே அதற்குக் காசு கொடுக்க வேண்டும். இன்டெல் 6, 7, 8, 9 ஆகிய நான்கு தலைமுறைகளுக்கும் சாக்கெட்டில் ஊசிகள் 1151-தான். ஆனால் 6, 7-வது தலைமுறைக்கான எச்110 போர்டில் 8-வது தலைமுறை பிராசசர் வேலை செய்யாது. எண்ணிக்கையை நம்பி வாங்கி ஏமாறக் கூடாது. ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 போர்டு வைத்திருப்பவர்களுக்கு யோகம் உண்டு. பயாஸ் புதுப்பிக்கப்பட்டால், பல போர்டுகளில் ரைசன் 5000 வரிசை வரை போடலாம்.

மதர்போர்டையே மாற்றுவது என்றால், அது புதுக் கம்ப்யூட்டர் வாங்குவதற்குச் சமம். பிராசசரும் ரேமும் கூடவே மாற வேண்டி வரும். கம்பெனிக் கம்ப்யூட்டருடன் வந்த விண்டோஸ் உரிமம் மதர்போர்டோடு பிணைந்தது. போர்டு போனால், உரிமமும் போய்விடும். எஸ்.எஸ்.டி.யோ ரேமோ மாற்றினால் அந்தத் தொல்லை இல்லை.

எஸ்.எம்.பி.எஸ். விஷயத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. கேபினட்டுடன் "இலவசமாக" வரும் பெட்டியில் 450 வாட் என்று எழுதியிருக்கலாம். எழுத்தை நம்பிக் கிராபிக்ஸ் கார்டு வாங்கி மாட்டினால், ஒருநாள் புகை வரும். "80 பிளஸ்" முத்திரை உள்ளதாகப் பாருங்கள். தன்னிடம் வரும் மின்சாரத்தில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் உள்ளே கொடுக்கும் என்பதற்கான முத்திரை அது. கிராபிக்ஸ் கார்டு அவசியம் என்றால், 75 வாட்டுக்குள் அடங்குவதாக வாங்குங்கள். அதற்குத் தனி மின் ஒயர் வேண்டியது இல்லை.

விண்டோஸ் கவலை

முன்பு தாளில் எழுதிய எண் இப்போது தேவை.

விண்டோஸ்-11க்கு இன்டெல் 8-வது தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். ஏ.எம்.டி. என்றால் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசை முதல். கூடவே டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். தகுதியுள்ள கம்ப்யூட்டரிலேயே "உங்கள் கம்ப்யூட்டர் பொருந்தாது" என்று சில நேரம் வரும். அந்த வசதி பயாசில் அணைத்து வைக்கப்பட்டிருப்பதுதான் பல இடங்களில் காரணம். இன்டெல்லில் பி.டி.டி. என்றும், ஏ.எம்.டி.யில் எப்.டி.பி.எம். என்றும் அதற்குப் பெயர். அதை இயக்கிவிட்டால் போதும். காசு செலவே இல்லை!

பழைய தலைமுறை வைத்திருப்பவர்களுக்கு மைக்ரோசாப்ட் ஓராண்டு தவணை கொடுத்தது. பதிவு செய்துகொள்ளும் வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு 2026-ம் ஆண்டு அக்டோபர் 13-ந் தேதி வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்று அறிவித்தது. கம்ப்யூட்டர் அமைப்புகளை மைக்ரோசாப்ட் கணக்கில் சேமித்து வைக்கச் சம்மதித்தால் கட்டணம் இல்லை என்றும் சொன்னது.

திருத்தம் நின்றுபோன கம்ப்யூட்டரில் பாங்கி வேலை பார்ப்பது, கதவைத் தாழிடாமல் தூங்குவது போன்றது. இதற்கு மாற்று லினக்ஸ். எந்தக் கட்டணமும் இல்லை. பழைய கம்ப்யூட்டரில் சுறுசுறுப்பாக ஓடும். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய "பாஸ்" லினக்ஸ் தமிழிலும் கிடைக்கிறது. தமிழக அரசின் எல்காட் நிறுவனம் 2007-ம் ஆண்டு வாக்கிலேயே லினக்சுக்கு மாறிக் காட்டியது.

படிக்கும் பிள்ளைகளுக்கும், கடிதம், இணையம், பாங்கி வேலைக்கும் லினக்ஸ் போதும். ஆனால் டாலியில் கணக்கு எழுதும் கடைக்கு விண்டோஸ் வேண்டும். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடைகளில் பழைய பேஜ்மேக்கரும், யூனிகோடு வருவதற்கு முந்திய தமிழ் எழுத்துருக்களும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. பிரிண்டரும் பழையதாக இருக்கும். புதிய விண்டோசில் இவை ஓடுமா என்று பார்க்காமல் மாறினால், முகூர்த்த சீசனில் கடையை மூட வேண்டி வரும். அப்படிப்பட்டவர்கள் பழைய கம்ப்யூட்டரை இணையத் தொடர்பு இல்லாமல் அச்சு வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

லாமிங்டன் ரோடு

மும்பையில் கம்ப்யூட்டர் பொருள் என்றால் லாமிங்டன் ரோடு. 1903 முதல் 1907 வரை பம்பாய் கவர்னராக இருந்த லாமிங்டன் பிரபுவின் பெயர் அது. இன்றைய அரசாங்கப் பெயர் டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க். கேட்டால் யாரும் பழைய பெயரைத்தான் சொல்வார்கள்.

இறங்க வேண்டிய இடம் கிராண்ட் ரோடு. மாட்டுங்கா ரோடு, மாகிம் நிலையங்களில் மேற்கு ரெயில்வே ஸ்லோ வண்டி ஏறினால் நேரே போகலாம். செம்பூர்க்காரர்கள் குர்லாவிலும் தாதரிலும் வண்டி மாற வேண்டும். தாராவிக்காரர்களுக்கு மெட்ரோவும் இருக்கிறது. 2025 மே மாதம் தாராவி மெட்ரோ நிலையம் திறக்கப்பட்டது. அக்டோபரில் அந்தப் பாதை கப் பரேடு வரை நீண்டதும், கிராண்ட் ரோட்டுக்கும் நேர் வண்டி கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை போனால் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

முதல் கடையில் விலை கேளுங்கள். வாங்காதீர்கள். நாலாவது கடையில்தான் உண்மை விலை தெரியும். "பில் வேண்டாம் என்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி. மிச்சம்" என்று சொன்னால் மயங்க வேண்டாம். பில்லும், அதில் சீரியல் நம்பரும் இருந்தால்தான் உத்தரவாதம் செல்லும். மூன்று ஆண்டு உத்தரவாதத்தை இழந்து 18 சதவீதத்தை மிச்சப்படுத்துவது லாபம் அல்ல.

பழைய சரக்கு வாங்கலாமா?

பெரிய கம்பெனிகள் சில ஆண்டுகள் உபயோகித்துக் கழித்துவிடும் டெல் ஆப்டிபிளக்ஸ், எச்.பி. எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் போன்ற கம்ப்யூட்டர்கள் சந்தைக்கு வருகின்றன. 8-வது தலைமுறைக்குக் குறையாததாகக் கிடைத்தால், ஏழைக்கு ஏற்ற வாய்ப்பு. ஒரு குறை உண்டு. இவற்றின் எஸ்.எம்.பி.எஸ்.சும் மதர்போர்டும் அந்தந்தக் கம்பெனியின் தனி அளவில் இருக்கும். பின்னால் மாற்றுவது சிரமம். சிறிய பெட்டி ரகத்தில் முழு உயரக் கிராபிக்ஸ் கார்டு நுழையாது.

பழைய ஹார்ட் டிஸ்க் வாங்கினால் "கிரிஸ்டல் டிஸ்க் இன்போ" என்ற இலவசப் புரோகிராமில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று பாருங்கள். தினம் 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்றால், 2,400 மணி. 20 ஆயிரம் மணி என்று காட்டினால், அது 8 ஆண்டு உழைத்த கிழவன். பழைய எஸ்.எம்.பி.எஸ். வாங்கவே வேண்டாம்.

பழைய கிராபிக்ஸ் கார்டில் இன்னும் கவனம் தேவை. எதீரியம் நாணயத்தைக் கம்ப்யூட்டரில் "தோண்டி எடுக்கும்" முறை 2022 செப்டம்பர் 15-ந் தேதி முடிந்தது. அதுவரை இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தையில் வந்து குவிந்தன. கடையிலேயே மாட்டி, அரை மணி நேரம் ஓட விட்டுப் பார்த்த பிறகே பணத்தை எண்ண வேண்டும்.

யாருக்கு எது?

படிக்கும் பிள்ளை உள்ள வீடு: தூசி தட்டுவது, எஸ்.எஸ்.டி., ரேம் 8 ஜி.பி. இத்தோடு நிறுத்துங்கள். பழைய தலைமுறை என்றால் லினக்ஸ்.

கணக்கு எழுதும் கடை: 8-வது தலைமுறை இருந்தால் எஸ்.எஸ்.டி., ரேம், விண்டோஸ்-11. இல்லை என்றால், இப்போது எஸ்.எஸ்.டி. மட்டும் வாங்கிப் போடுங்கள். மாதம் கொஞ்சம் சேர்த்து, கம்பெனியில் கழித்த கம்ப்யூட்டர் வாங்கியதும் அதைக் கழற்றி அதில் மாட்டுங்கள். கணக்கு வேறு ஒரு டிஸ்க்கிலும் நகலாக இருக்க வேண்டும். எஸ்.எஸ்.டி. சாகும்போது சொல்லிக்கொண்டு சாகாது.

டிசைன், எம்பிராய்டரி வேலை: எஸ்.எஸ்.டி., 16 ஜி.பி. ரேம், நல்ல எஸ்.எம்.பி.எஸ். இந்த வரிசையில் வாங்குங்கள். இவை போதவில்லை என்று டாஸ்க் மேனேஜர் சொன்னால் மட்டும் அடுத்த செலவு.

எல்லோருக்கும் பொதுவான கணக்கு ஒன்று உண்டு. கையில் உள்ள தொகையில் பத்தில் ஒரு பங்கை ஒயர், பசை, ரெயில் செலவு என்று ஒதுக்கி வையுங்கள். மேம்படுத்தும் செலவு, 8-வது தலைமுறைப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றின் விலையில் பாதியைத் தாண்டினால், அங்கேயே நில்லுங்கள். அது மார்பிள் போடும் வேலை.

கழித்ததை என்ன செய்வது?

தாராவி 13-வது காம்பவுண்டில் எந்தப் பொருளும் வீணாவது இல்லை. ஆனால் மதர்போர்டையும் ஒயரையும் திறந்த வெளியில் எரித்துச் செம்பு எடுப்பது, ஈயப் புகையை நம் பிள்ளைகளுக்கே கொடுப்பதாகும். மின்னணுக் கழிவுக்கான 2022-ம் ஆண்டு விதிகள் 2023 ஏப்ரல் 1-ந் தேதி முதல் அமலில் உள்ளன. பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடமோ, பழையதை எடுத்துக்கொள்ளும் கம்பெனியிடமோ கொடுப்பதே முறை.

ஹார்ட் டிஸ்க்கை மட்டும் அப்படியே யாரிடமும் கொடுக்காதீர்கள். அதில் உங்கள் ஆதார் நகல், பாங்கிக் கணக்கு, குடும்பப் படங்கள் எல்லாம் இருக்கும். "டெலிட்" செய்தது மீண்டும் எழுந்து வரும். முழுவதும் அழிக்கும் புரோகிராமை ஓட்டிவிட்டுக் கொடுங்கள். ஓடாத டிஸ்க் என்றால், தட்டில் ஆணி அடித்துத் துளை போட்டுவிட்டுக் கொடுங்கள்.

இன்று இரவே 3 பொத்தான்களை அழுத்திப் பாருங்கள். தவணைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு அது முன்னால் நடக்கட்டும்.